காக்ஸ் டவுன் மாடியில் ஒரு சனிக்கிழமை: சாக்லெட்–புதினா இனிப்பு வகுப்பு எப்படி இருந்தது?

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கிறித்தவக் குடும்பம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 24ஆம் தேதி மாலையில் அவர்கள் வீட்டிலிருந்து கல்கல், அச்சு முறுக்கு, பிளம் கேக் எல்லாம் நிறைந்த தட்டு ஒன்று எங்கள் வீட்டுக்கு வரும். வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. தீபாவளிக்கு நாங்கள் கொடுக்கும் முறுக்கையும் அதிரசத்தையும் மறுபடியும் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்க மனம் வராமல், அந்தப் பண்டிகைக்கே உரிய ஓர் இனிப்பைக் கையால் செய்து கொடுக்க வேண்டும் என்று சில ஆண்டுகளாகவே எனக்கு ஆசை. சாக்லெட்டும் புதினாவும் சேர்ந்த இனிப்புகள் மேல்நாடுகளில் கிறிஸ்துமஸ் காலத்து வழக்கம். அந்தக் குடும்பத்துப் பெரியவருக்கும் அவை மிகவும் பிடிக்கும் என்று தெரிந்ததால் அதையே செய்வது என்று முடிவு செய்தேன்.

சென்ற ஆண்டு நானே செய்து பார்த்தது சரியாக வரவில்லை. ஒரு கடையில் ‘சமையல் சாக்லெட்’ என்று கொடுத்த கட்டியை உருக்கி, ‘புதினா எசன்ஸ்’ என்று ஒட்டியிருந்த குப்பியிலிருந்து அரைத் தேக்கரண்டி ஊற்றினேன். ஊற்றிய நொடியிலேயே பளபளப்பாக ஓடிக்கொண்டிருந்த சாக்லெட் ஈர மணல்போலத் திரண்டுவிட்டது. இரண்டாவது முறை எசன்ஸைக் குறைத்துப் போட்டேன். அச்சில் படிந்து இறுகியது என்னவோ உண்மைதான். ஆனால் வாயில் போட்டால் மெழுகு ஒட்டியதுபோல அண்ணத்தில் படிந்தது. வாசனையோ பற்பசையை நினைவுபடுத்தியது. அதைத் தட்டில் வைத்துக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. எங்கே தவறியது என்று யாராவது உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான், காக்ஸ் டவுனில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் இந்த ஒருநாள் வகுப்பைப் பற்றி அலுவலகத் தோழி சொன்னார். அங்கே பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. ஒருவர் சொல்லி மற்றவர் வருவதாகத்தான் நடக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சனிக்கிழமைகளில் மட்டும், காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலரை வரை வகுப்பு. கட்டணம், மதிய உணவும் பொருள்களும் சேர்த்து 3,500 ரூபாய். நான் போன அன்று எட்டுப் பேர் இருந்தோம்; அதில் ஐந்து பேர் தமிழர்கள். ஆசிரியை தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் மாற்றி மாற்றிப் பேசி யாரையும் தனித்து விடாமல் நடத்தினார்.

முதல் ஒரு மணி நேரம் அடுப்பையே பற்றவைக்கவில்லை. இரண்டு சாக்லெட் துண்டுகளைக் கையில் கொடுத்து, பெயர் சொல்லாமல் சாப்பிடச் சொன்னார். ஒன்று காம்பவுண்ட், மற்றொன்று கூவர்ச்சர். காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பெரும்பாலும் எண்ணெய்ப்பனை விதையிலிருந்து எடுத்து இறுக்கமாக்கப்பட்ட கொழுப்பு இருக்கிறது. அது எந்த வெப்பத்தில் உருக்கினாலும் மறுபடியும் ஒழுங்காக இறுகிவிடும். ஆகவே வேலை எளிது, விலையும் குறைவு. ஆனால் அந்தக் கொழுப்பு வாயின் சூட்டில் முழுதாகக் கரைவதில்லை. சென்ற ஆண்டு என் அண்ணத்தில் படிந்த மெழுகுக்குக் காரணம் அதுதான் என்று அந்த ஒரு துண்டே சொல்லிவிட்டது. கூவர்ச்சரில் கோகோ வெண்ணெய் குறைந்தது 31 விழுக்காடு இருக்கும். அது 34 டிகிரியை ஒட்டி, அதாவது நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே, உருகிவிடுகிறது. கையில் திடமாக இருப்பது நாக்கில் நீராகிப் போவது இதனால்தான்.

அதற்கு விலையாக நாம் கொடுக்க வேண்டியது டெம்பரிங் என்னும் பொறுமை. கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிக அமைப்புகளில் இறுகக்கூடியது. அவற்றில் ஐந்தாவது அமைப்பு மட்டுமே பளபளப்பையும், உடைத்தால் ‘டக்’ என்று கேட்கும் ஒலியையும் தரும். டார்க் சாக்லெட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கிப் பழைய படிகங்களை எல்லாம் அழித்து, பொடியாக நறுக்கிய சாக்லெட்டைச் சேர்த்துக் கிளறியபடியே 27, 28 டிகிரிக்கு இறக்கி, மறுபடியும் 31, 32 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். கடைசி ஏற்றத்தில் வேண்டாத படிகங்கள் உருகிப்போய் வேண்டியவை மட்டும் நிற்கின்றன. எண்களைப் புத்தகத்தில் யாரும் படித்துக்கொள்ளலாம். ஆனால் 34 டிகிரியிலிருந்து 28க்கு இறங்கும் அந்தப் பத்து நிமிடத்தில் கை என்ன செய்ய வேண்டும், கலவை கரண்டியிலிருந்து எப்படி விழ வேண்டும் என்பதைப் பக்கத்தில் நின்று ஒருவர் காட்டினால்தான் புரிகிறது. அவசரப்பட்டுப் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைக்கப் போன ஒருவரைத் தடுத்து, “கொஞ்சம் பொறுங்கம்மா, அது தானா இறங்கும், நீங்க கிளறுறதை மட்டும் விடாதீங்க” என்றார் ஆசிரியை. வெளியே ஈரம் பட்ட பாத்திரத்திலிருந்து ஒரு சொட்டு நீர் உள்ளே விழுந்தாலும் சாக்லெட்டில் உள்ள சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முழுக் கலவையும் திரண்டுவிடும் என்பதை, ஒரு சிறு கிண்ணத்தில் வேண்டுமென்றே செய்து காட்டினார். சென்ற ஆண்டு நீர் கலந்த எசன்ஸை ஊற்றி நான் கண்ட அதே ஈர மணல். இதைவிட முக்கியம், அந்தக் கிண்ணத்தை அவர் குப்பையில் போடாமல் சூடான கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மறுபடியும் வழவழப்பாக்கிக் காட்டியது. சிறிதளவு நீர்தான் கெடுக்கும், போதுமான அளவு ஊற்றினால் சாக்லெட் கரைந்து கனாஷ் எனப்படும் வழவழப்பான கலவையாக மாறிவிடும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் சென்ற ஆண்டு அரைக் கிலோவை வீணாக்கியிருக்க மாட்டேன்.

இந்த வகுப்பின் உயிர் புதினாவைக் கையாண்ட விதத்தில்தான் இருக்கிறது என்பேன். நம் வீடுகளில் புதினா என்றால் சட்னி, பிரியாணி, ரசம் என்று காரத்தோடும் உப்போடும் சேர்ந்த ஒரு கீரை. மேசையில் மூன்று தட்டுகள் வைத்தார். ஒன்றில் ரஸ்ஸல் மார்க்கெட்டில் அன்று காலை வாங்கிய சாதாரணப் புதினாக் கட்டு. இரண்டாவதில் மாடித் தொட்டியிலிருந்து பறித்த பெப்பர்மின்ட் இலை. மூன்றாவதில் உணவுக்கு உரிய பெப்பர்மின்ட் எண்ணெய் ஒரு சொட்டு விட்ட சர்க்கரை. ஒவ்வொன்றையும் கசக்கி முகர்ந்து, மென்று பார்த்து, என்ன தோன்றுகிறது என்று எங்களையே சொல்லச் சொன்னார். சந்தைப் புதினாவில் மணம் இருந்தது, குளிர்ச்சி இல்லை. பெப்பர்மின்டில் இரண்டும் இருந்தன. எண்ணெயில் குளிர்ச்சி மூக்கு வரை ஏறியது.

நம் சந்தைப் புதினா ஸ்பியர்மின்ட் வகையைச் சேர்ந்தது. அதன் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்னும் பொருள். குளிர்ச்சியைத் தரும் மென்தால் அதில் மிகக் குறைவு. பெப்பர்மின்ட் என்பதோ ஸ்பியர்மின்டும் நீர்ப்புதினாவும் இணைந்து பிறந்த கலப்பினம். அதில் மென்தால் மிகுதி. மென்தால் உண்மையில் எதையும் குளிர வைப்பதில்லை. நம் நரம்புகளில் குளிரை உணர்வதற்கென்று உள்ள ஓர் ஏற்பியைத் தூண்டிவிட்டு, குளிர்கிறது என்று மூளைக்குச் சொல்ல வைக்கிறது. அந்த ஏற்பியை 2002இல் தனித்தனியே கண்டறிந்த டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியானும் வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் ஏற்பிகளைப் பற்றிய ஆய்வுகளுக்காக 2021இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். கோகோ வெண்ணெய் வாயில் உருகும்போது நாக்கின் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. அதனால் நல்ல சாக்லெட்டுக்கே இலேசான ஒரு தண்மை உண்டு. அதன்மேல் மென்தால் சேரும்போது இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன. காம்பவுண்டில் புதினா ஏன் ஒட்டாமல் தனியே நிற்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இது.

இலையின் மணத்தைக் கிரீமுக்கு ஏற்றுவதில் இரண்டு முறைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டியதற்காகவே ஆசிரியைக்கு நன்றி சொல்ல வேண்டும். சூடாக்கிய கிரீமில் இலையைப் போட்டு மூடி, பதினைந்து நிமிடத்தில் வடிகட்டுவது ஒன்று. முந்தைய இரவே குளிர்ந்த கிரீமில் இலையைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் வடிப்பது மற்றொன்று. சூடான முறையில் வந்த கிரீமில் வெந்த கீரையின் வாடை கொஞ்சம் இருந்தது. அரை மணி நேரம் ஊறவிட்டதில் அது சட்னியை நோக்கியே போய்விட்டது. குளிர்ந்த முறையில் வந்தது, மழைக்குப் பிறகு தோட்டத்தில் கால் வைத்ததுபோல இருந்தது. 200 கிராம் கிரீமுக்கு 15 கிராம் இலை, காம்பு வேண்டாம். இலை கிரீமைக் கொஞ்சம் குடித்துவிடும் என்பதால் வடித்த பிறகு மறுபடியும் எடை போட்டுக் குறைந்ததை ஈடுசெய்ய வேண்டும். பெப்பர்மின்ட் இலை எளிதாகக் கிடைக்காத நம்மைப் போன்றவர்கள் சந்தைப் புதினாவைக் குளிர்ந்த முறையில் ஊறவைத்து மணத்தை எடுத்துக்கொண்டு, குளிர்ச்சிக்கு மட்டும் பெப்பர்மின்ட் எண்ணெயில் ஒன்றிரண்டு சொட்டு சேர்க்கலாம் என்பது அவருடைய வழி. எண்ணெயைக் குப்பியிலிருந்து நேராக விடாமல் பல்குச்சி நுனியில் தொட்டு, ஒரு கரண்டி உருகிய சாக்லெட்டில் கலந்து, அதை மொத்தத்தில் சேர்க்கச் சொன்னார். மசாஜுக்கும் ஆவி பிடிப்பதற்கும் விற்கும் எண்ணெய்க் குப்பிகளை வாங்கிவிடாமல், உணவுக்கு உரியது என்று சீட்டில் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும் என்பதை மூன்று முறையாவது சொல்லியிருப்பார்.

அடுத்து ட்ரஃபிள், அதாவது கனாஷை உருட்டிச் சாக்லெட்டில் முக்கி எடுக்கும் உருண்டை. டார்க் சாக்லெட் 300 கிராமுக்குப் புதினா ஏறிய கிரீம் 150 கிராம் என்னும் இரண்டுக்கு ஒன்று கணக்கு. இதற்கு 25 விழுக்காடு கொழுப்புள்ள சாதாரண ஃப்ரெஷ் கிரீமே போதும் என்றார், போதுமானதாகத்தான் இருந்தது. உருட்டி, டெம்பர் செய்த சாக்லெட்டில் முக்கி எடுத்தபோது என் கையில் வந்த முதல் நான்கும் அடியில் பாதம்போலப் பரந்துவிட்டன. அதிகப்படியான சாக்லெட்டை உதறி எடுக்காததே காரணம் என்று கையைப் பிடித்துக் காட்டினார். அன்று நான் கற்றவற்றில் மறக்கவே முடியாத அசைவு அது. பெப்பர்மின்ட் பார்க் எனப்படும் அடுக்குச் சாக்லெட் பட்டையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கீழே டார்க், மேலே எண்ணெய் சேர்த்த வெள்ளைச் சாக்லெட், அதன்மேல் நொறுக்கிய பெப்பர்மின்ட் மிட்டாய். கீழ் அடுக்கு முழுதாக இறுகும்முன் மேல் அடுக்கை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உடைக்கும்போது இரண்டும் பிரிந்துவிடும். மேல்நாட்டுக் கோடு போட்ட மிட்டாய்க்குப் பதிலாக நம் பெட்டிக்கடையின் வெள்ளை வட்டப் பெப்பர்மின்டையே நொறுக்கிப் போட்டது எனக்கு மிகவும் பிடித்தது. எந்த மிட்டாயையும் ‘பெப்பர்மின்ட்டு’ என்றே சொல்லி வளர்ந்த என் அம்மாவின் தலைமுறைக்கு அது உடனே பழக்கப்பட்ட சுவையாகிவிடும்.

குறை சொல்ல வேண்டிய இடம் மூஸ் எனப்படும் நுரைத்த கிரீம் இனிப்பு. முட்டையும் ஜெலட்டினும் இல்லாமல் செய்து காட்டுகிறேன் என்று கடல்பாசியைப் பயன்படுத்தினார். என் மாமியார் இரண்டையும் தொடமாட்டார் என்பதால் இந்தப் பகுதிக்காகவே நான் ஆவலாகக் காத்திருந்தேன். ஆனால் மூன்றரை மணிக்குத்தான் இது தொடங்கியது. கடல்பாசி கொதித்தால்தான் கரையும். 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே உறையத் தொடங்கிவிடும். அவசரத்தில் அதைக் குளிர்ந்த கிரீமில் சேர்த்ததால் இரண்டு குழுக்களின் மூஸில் சிறு சிறு கட்டிகள் விழுந்தன. அதைவிட எனக்கு வருத்தமாக இருந்தது, அடித்து நுரையாக்கப் பயன்படுத்திய கிரீம். காலையில் கோகோ வெண்ணெய்க்கும் தாவரக் கொழுப்புக்கும் உள்ள வேறுபாட்டை நாக்கால் உணரவைத்த அதே வகுப்பில், மாலையில் தாவரக் கொழுப்பாலான, ஏற்கெனவே இனிப்பூட்டிய விப்பிங் கிரீமைப் பயன்படுத்தினார்கள். நன்றாக நுரைக்கிறது, கரையாமல் நிற்கிறது என்பது உண்மையே. வாயில் மீண்டும் அந்தப் படலம் வந்துவிட்டதும் உண்மையே. நான் கேட்டபோது, பாலிலிருந்து எடுத்த 35 விழுக்காடு கொழுப்புள்ள கிரீம் அந்த வாரம் கிடைக்கவில்லை என்றார். அதை நம்புகிறேன். ஆனாலும் அதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம்.

வகுப்பில் கொடுத்த செய்முறைத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில், கப் அளவில் இருக்கிறது. அன்று முழுவதும் தராசில் கிராம் கணக்கில் வேலை செய்துவிட்டு வீட்டுக்குக் கப் கணக்கை எடுத்துச் செல்வதில் பொருளில்லை. குளிர்ந்த முறையில் ஊறவைப்பது அதில் எழுதப்படவே இல்லை. கிரீம் சேர்ந்த ட்ரஃபிளை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று வாயால் சொன்னார். பரிசாகக் கொடுப்பவர்களுக்கு மிகவும் தேவையான அந்த வரியும் தாளில் இல்லை. வெப்பமானி இரண்டு பேருக்கு ஒன்று; டெம்பரிங்கில் அது நிச்சயம் போதாது. அறையில் குளிர்சாதனம் கிடையாது. காலையில் 22 டிகிரியாக இருந்த அறை மதியத்தில் 27ஐத் தொட்டபோது, முக்கி எடுத்தவை இறுக மும்மடங்கு நேரம் ஆனது. டிசம்பர் பெங்களூரு என்பதால் சமாளிக்க முடிந்தது.

3,500 ரூபாய் தகுமா என்று தோழிகள் கேட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்து 2024இல் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியதிலிருந்து நல்ல கூவர்ச்சரின் விலை வீட்டில் செய்பவர்களை யோசிக்க வைப்பதாகத்தான் இருக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் ஏறத்தாழ 600 கிராம் சாக்லெட் புழங்கியது. தவறு செய்து கற்றுக்கொள்ளத் தயங்காமல் கொடுத்தார்கள். செய்முறைகள் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்தத் தொகை அதிகம். ஏன் திரண்டது, ஏன் வெளுத்தது, ஏன் சட்னி வாடை வந்தது என்று காரணம் தெரிய வேண்டும் என்பவர்கள் தயங்காமல் போகலாம். கேக் அலங்காரமோ பேக்கிங்கோ எதிர்பார்த்துப் போக வேண்டாம். அடுப்புக்குள் வைக்கும் இனிப்பு ஒன்றுகூட இதில் கிடையாது.

வீட்டுக்கு வந்து டிசம்பர் 23ஆம் தேதி, வகுப்பில் பார்த்தபடியே அறுபது ட்ரஃபிள் செய்தேன். அதிகாலையிலேயே தொடங்கியதால் சமையலறை குளிர்ந்திருந்தது. ஐம்பத்திரண்டு பளபளவென்று வந்தன. மீதியில் சாம்பல் கோடுகள் ஓடின. கலவை 33 டிகிரியைத் தாண்டியதைக் கவனிக்காமல் முக்கிவிட்டேன். மூஸைக் கடல்பாசி இல்லாமலே முயன்றேன்: 200 கிராம் டார்க் சாக்லெட்டுக்கு, புதினா ஏற்றி அடித்த 400 மில்லி பால் கிரீம். சாக்லெட்டில் உள்ள கோகோ வெண்ணெயே குளிரில் இறுகி அதைத் தாங்கிக்கொண்டது. நாலு மணி நேரத்தில் கரண்டியில் நின்றது. வகுப்பில் இப்படியே காட்டியிருக்கலாம் என்று ஆசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த வகுப்பில் செய்து பார்ப்பதாகச் சொன்னார், அளவையும் குறித்துக்கொண்டார். மாமியார் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “இதில் புதினா இருக்கிறது என்று சொன்னால்தான் தெரிகிறது, ஆனால் சாப்பிட்ட பிறகு தொண்டை ஜில்லென்று இருக்கிறது” என்றார். கீழ்வீட்டுத் தட்டு இருபத்து நான்கு ட்ரஃபிள்களோடு திரும்பிப் போனது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். மூடியுள்ள அகலமான டப்பா ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்; அங்கே கொடுப்பது சிறியது. சொந்த வெப்பமானி இருந்தால் கொண்டுபோவது நல்லது. அன்று வாசனைத் திரவியம் பூசிக்கொள்ள வேண்டாம், புதினாவை முகர்ந்து வேறுபாடு காண்பதற்கு அது இடைஞ்சல். திரும்பி வந்ததும் டப்பாவை ஃபிரிட்ஜில் தோசைமாவுக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். சாக்லெட் சுற்றியுள்ள வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். காற்றுப் புகாமல் இரட்டைப் பையில் போட்டு வைத்து, பரிமாறுவதற்கு அரை மணி முன்பே பையைப் பிரிக்காமல் வெளியே எடுத்து வைத்தால், மேலே நீர் வியர்த்து, அதில் கரைந்த சர்க்கரை காய்ந்து வெண்படலமாகப் படிவதும் இருக்காது.